ஆட்டோமேஷன் டெஸ்டிங் நேர்காணலுக்கான ஸ்ட்ரிங் நிரல் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருள் சோதனைத் துறையில் ஆட்டோமேஷன் பணிக்கு நேர்காணல் செல்ல இருப்பவர்களும், மேனுவல் டெஸ்டிங்கிலிருந்து ஆட்டோமேஷனுக்கு மாற விரும்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. எடுத்துக்காட்டுகளில் வரும் "கமகபம" போன்ற எழுத்துத் தொடர்களுக்குப் பொருள் எதுவும் இல்லை. க, ம, ப ஆகிய எழுத்துகள் ஒவ்வொன்றும் கணினிக்கு ஒரே குறியீடு என்பதால், கணக்கை விளக்க அவை வசதியாக இருக்கின்றன. எல்லாத் தமிழ் எழுத்துகளும் அப்படி அல்ல என்பதை ஒரு விடை தனியாகப் பேசுகிறது.

சோதனைப் பணிக்கு வருபவரிடம் ஸ்ட்ரிங் நிரல்களை ஏன் கேட்கிறார்கள்?

முதல் காரணம் வசதி. ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் தொடர், பற்றிய கணக்கு ஒன்றை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அதற்குத் தரவுத்தளமோ உலாவியோ ஃப்ரேம்வொர்க்கோ தேவையில்லை. பகிர்ந்த திரையிலோ வெற்றுத் தாளிலோ கால் மணி நேரத்துக்குள் எழுதி முடித்துவிடலாம். இரண்டாவது காரணம் பணியின் இயல்பு. திரையிலிருந்தோ ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு தரவு பரிமாறும் வழி) பதிலிலிருந்தோ ஓர் உரையை எடுத்து, வேண்டாதவற்றை நீக்கி, எதிர்பார்த்த உரையுடன் ஒப்பிடுவதுதான் ஆட்டோமேஷன் ஸ்கிரிப்டின் அன்றாட வேலைகளில் முக்கியமானது.

பலர் கவனிக்கத் தவறுவது மூன்றாவது காரணத்தை. டெவலப்பர் பணிக்கு வருபவர் சரியான விடையை வேகமாக எழுதினால் பெரும்பாலும் அது போதும். டெஸ்டர் பணிக்கு வருபவரிடமோ, "இந்த நிரலை எந்தெந்த உள்ளீடுகளைக் கொடுத்துச் சோதிப்பீர்கள்?" என்ற அடுத்த கேள்வி காத்திருக்கிறது. நிரலைப் பிழையின்றி எழுதிவிட்டு இந்தக் கேள்விக்கு விழிப்பவரைவிட, நிரலில் சிறிது தடுமாறினாலும் வெற்று ஸ்ட்ரிங், நல் (மதிப்பே இல்லாமை), ஒற்றை எழுத்து, இடைவெளி மட்டுமே கொண்ட உள்ளீடு என்று தானாகவே அடுக்குபவர் இந்தப் பணிக்கு நெருக்கமானவர். பயிற்சியை இந்த நோக்கில் அமைத்துக்கொள்வதே சிறந்தது.

எந்த நிரல்மொழியில் பயிற்சி செய்வது?

நீங்கள் வேலை செய்யப்போகும் கருவிக்கு ஏற்ற மொழியில். செலினியம் ஜாவா, பைத்தான், சி ஷார்ப், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் இயங்கும். பிளேரைட் ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், பைத்தான், ஜாவா, டாட்நெட் ஆகியவற்றில் கிடைக்கிறது. சைப்ரஸ் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் அல்லது டைப்ஸ்கிரிப்ட் மட்டுமே. விண்ணப்பத்தில் ஜாவா என்று எழுதிவிட்டு, சுருக்கமாக எழுதலாம் என்பதற்காகப் பைத்தானில் விடை சொல்ல முயல்வது நல்ல உத்தி அன்று. இரண்டு மொழிகளில் அரைகுறையாகப் பயில்வதைவிட ஒன்றில் கை பழகுவது மேல். கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் ஜாவாவை முன்வைத்துப் பேசுகின்றன. பைத்தான் வேறுபடும் இடங்கள் குறிப்பிடப்பட்டுள்ளன.

எத்தனை கணக்குகள் செய்தால் போதும்?

எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம். இணையத்தில் நூறு கேள்விகள், இருநூறு கேள்விகள் என்று பட்டியல்கள் கிடைக்கின்றன. அவற்றை வகைப்படுத்திப் பார்த்தால் அடிப்படை உத்திகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி நகர்வது ஒன்று. ஸ்ட்ரிங்கைத் திருப்புவதும் பாலிண்ட்ரோம் (இரு புறமிருந்தும் ஒன்றாக வாசிக்கப்படுவது) கண்டறிவதும் இதில் அடங்கும். ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது இன்னொன்று. அனகிராம் (அதே எழுத்துகளை இடம் மாற்றி அமைத்தது), இரட்டித்த எழுத்துகள், திரும்ப வராத முதல் எழுத்து ஆகியவை இதன் மாறுவேடங்கள். சொற்களாகப் பிரித்து மீண்டும் சேர்ப்பது, முந்தைய எழுத்துடன் ஒப்பிட்டுக்கொண்டே புதிய ஸ்ட்ரிங்கைக் கட்டுவது, அடைப்புக்குறிகளின் பொருத்தத்தை ஸ்டாக் (கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு) கொண்டு சரிபார்ப்பது, நகரும் சன்னல் முறையில், அதாவது தொடக்கத்தையும் முடிவையும் நகர்த்திக்கொண்டே, நீளமான பகுதியைத் தேடுவது என்பவை மற்றவை. நகரும் சன்னல் சற்று மூத்த பணிகளுக்கே கேட்கப்படுவது வழக்கம்.

ஒவ்வோர் உத்திக்கும் இரண்டு மூன்று கணக்குகளை எடுத்துக்கொண்டு, அவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் எழுதிப் பார்த்து, ஒவ்வொரு வழியும் எங்கே உடைகிறது என்று சொல்லத் தெரிந்தால், பார்த்திராத கேள்வி வந்தாலும் அது எந்த உத்தியின் உறவு என்று அடையாளம் காண முடியும்.

கேள்வியைக் கேட்டவுடன் எழுதத் தொடங்கலாமா?

வேண்டாம். நேர்காணல் செய்பவர் பல சமயம் கேள்வியை வேண்டுமென்றே முழுமையின்றிச் சொல்வார். "ஒரு ஸ்ட்ரிங் பாலிண்ட்ரோமா என்று கண்டுபிடியுங்கள்" என்ற ஒரு வரிக்குள் எத்தனை தீர்மானங்கள் மறைந்திருக்கின்றன என்று பாருங்கள். பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகளை ஒன்றாகக் கொள்வதா? இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் கணக்கில் சேர்ப்பதா? வெற்று ஸ்ட்ரிங் பாலிண்ட்ரோமா, இல்லையா? நல் வந்தால் பொய் என்று விடை தருவதா, எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எறிவதா? ஆங்கிலம் தவிர வேறு மொழி எழுத்துகள் வருமா?

இவற்றைக் கேட்பது தயக்கத்தின் அடையாளம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சோதனைப் பணியில் தேவை ஆவணத்தை வாசிக்கும்போது செய்வதும் இதுவேதான். ஆகவே இக்கேள்விகள் உங்கள் மதிப்பெண்ணைக் கூட்டவே செய்யும். ஆனால் பத்துக் கேள்விகளை அடுக்கி நேரத்தைத் தின்றுவிடவும் கூடாது. விடையை மாற்றக்கூடிய இரண்டு மூன்றை மட்டும் கேட்டுவிட்டு, மற்றவற்றுக்கு "நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரியில் அறிவித்து, எதிர்பார்க்கும் விடைகளோடு சில உள்ளீடுகளை ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிரல் முடிந்ததும் அவற்றைக் கொண்டே அதை ஓட்டிப் பார்க்கலாம்.

"உள்ளமைந்த மெத்தட் இல்லாமல் எழுதுங்கள்" என்றால் எதை விட வேண்டும்?

கணக்கின் மையமான வேலையைச் செய்துவிடும் மெத்தடை (மொழியில் ஆயத்தமாக உள்ள செயல்பாட்டை) விட வேண்டும். திருப்பும் கணக்கில் ஸ்ட்ரிங்பில்டரின் (மாற்றக்கூடிய எழுத்துத் தொடரின்) ரிவர்ஸ் மெத்தட், வரிசைப்படுத்தும் கணக்கில் சார்ட் மெத்தட் ஆகியவை அத்தகையவை. நீளத்தைத் தரும் மெத்தடும், குறிப்பிட்ட இடத்தில் உள்ள எழுத்தைத் தரும் மெத்தடும் பொதுவாக அனுமதிக்கப்படும். ஐயம் இருந்தால் கேட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரிங்கைத் திருப்புவது எளிதான கேள்விதானே, அதில் என்ன இருக்கிறது?

எளிதான கேள்வி என்பதால்தான் அதைக் கொண்டு ஆழம் பார்க்கிறார்கள். வழக்கமான முதல் விடை, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி லூப் ஓட்டி, ஒவ்வோர் எழுத்தையும் கூட்டல் குறியால் ஒரு ஸ்ட்ரிங்குடன் ஒட்டுவது. விடை சரிதான். ஆனால் ஜாவாவில் ஸ்ட்ரிங் மாற்ற முடியாதது. ஆகவே ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் பழைய எழுத்துகள் அனைத்தும் புதிய ஆப்ஜெக்ட் ஒன்றுக்கு நகலெடுக்கப்படுகின்றன. 10,000 எழுத்துகள் கொண்ட உள்ளீட்டுக்கு இது சுமார் 5 கோடி நகல்கள் ஆகும். இதற்கு மாற்றாக ஸ்ட்ரிங்பில்டரில் சேர்க்கலாம். அல்லது எழுத்துகளைக் கேரக்டர் அரேயாக (எழுத்துகளின் வரிசைப் பட்டியலாக) மாற்றி, முதலும் கடைசியுமாக இடம் மாற்றிக்கொண்டே நடுவை அடையலாம். ஸ்ட்ரிங்பில்டரைப் பயன்படுத்தினாலும் ஒவ்வோர் எழுத்தையும் தொடக்கத்தில் செருகினால் பழைய சிக்கலே திரும்பி வரும், ஏனெனில் ஒவ்வொரு செருகலுக்கும் மற்ற எழுத்துகள் அனைத்தும் ஓரிடம் நகர வேண்டும்.

அடுத்த ஆழம் எழுத்து என்றால் என்ன என்பது. தமிழ் வாசகருக்கு இதைப் புரியவைக்க எமோஜி தேவையில்லை. "தமிழ்" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். ஜாவாவும் பைத்தானும் அதன் நீளம் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவை யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். இதே சொல் யூடிஎஃப்-8 குறிமுறையில் 15 பைட்டுகள் பிடிக்கும். லூப் எழுதித் திருப்பினால் புள்ளி முன்னால் வந்து, இகரக் குறி தவறான எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு "விகடகவி". பள்ளிக் குழந்தைக்கும் இரு புறமும் ஒன்றாக வாசிக்கத் தெரிந்த இச்சொல்லை, வழக்கமான பாலிண்ட்ரோம் நிரல் முதல் ஒப்பீட்டிலேயே நிராகரித்துவிடும். முதல் குறியீடு வ, கடைசிக் குறியீடு இகரக் குறி என்பதே காரணம். ஜாவா 9 முதல், ரெகுலர் எக்ஸ்ப்ரஷனில் (உரையின் அமைப்பைத் தேட எழுதும் வடிவத்தில்) பின்சாய்வுக்கோட்டுடன் பெரிய எக்ஸ் சேர்ந்த குறி, கண்ணுக்குத் தெரியும் எழுத்து முழுவதையும் ஓர் அலகாகப் பிடிக்கும். நேர்காணலில் அதை எழுதிக்காட்டச் சொல்வது அரிது. ஆனால் "என் நிரல் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் சரியானது; இந்திய மொழி உரைகளுக்கு எழுத்துத் தொகுதிகளாகப் பிரித்த பிறகே திருப்ப வேண்டும்" என்று சொல்லும் டெஸ்டரை நேர்காணல் செய்பவர் மறக்க மாட்டார்.

எண்ணிக்கைக் கணக்குகளில் எங்கே சறுக்குகிறார்கள்?

திரும்ப வராத முதல் எழுத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். "கமகபம" என்றால் விடை ப. எண்ணிக்கையை ஹாஷ்மேப்பில் (ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பை இணைத்து வைக்கும் அமைப்பில்) சேமித்துவிட்டு, அந்த மேப்பையே வரிசையாகப் பார்த்து ஒன்று என்ற மதிப்புள்ள முதல் எழுத்தை விடையாகத் தருவது பரவலான பிழை. ஹாஷ்மேப் வரிசையைக் காப்பதில்லை. கொடுமை என்னவென்றால், சில ஆங்கில எழுத்துகள் மட்டும் கொண்ட சிறிய உள்ளீடுகளில் அதன் வரிசை தற்செயலாகச் சரியானதுபோல் தோன்றும். ஆகவே இரண்டு எடுத்துக்காட்டுகளோடு சோதனையை நிறுத்துபவருக்குப் பிழை கண்ணில் படாது. சேர்த்த வரிசையைக் காக்கும் லிங்க்டு ஹாஷ்மேப் பயன்படுத்தலாம்; அல்லது எண்ணி முடித்தபின் மூல ஸ்ட்ரிங்கை மீண்டும் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். பைத்தானின் டிக்ஷனரி 3.7 பதிப்பு முதல் சேர்த்த வரிசையைக் காப்பதாக மொழியே உறுதி தருகிறது.

அனகிராம் கணக்கில் வேறு வகைச் சறுக்கல். இரண்டு ஸ்ட்ரிங்குகளையும் செட்டாக (ஒவ்வோர் எழுத்தும் ஒருமுறை மட்டுமே இடம்பெறும் தொகுப்பாக) மாற்றி, அவை ஒன்றாக இருந்து நீளமும் ஒன்றாக இருந்தால் அனகிராம் என்று முடிவு செய்கிறார்கள். "ககம", "கமம" ஆகிய இரண்டையும் கொடுத்துப் பாருங்கள்: செட் ஒன்று, நீளம் ஒன்று, அனகிராம் அல்ல. எழுத்துகளின் குறியீட்டு எண்களைக் கூட்டி ஒப்பிடும் குறுக்கு வழியும் இப்படித்தான் பொய்க்கும்; வெவ்வேறு எழுத்துகள் ஒரே கூட்டுத்தொகையைத் தரலாம். வரிசைப்படுத்தி ஒப்பிடுவது சரி. எண்ணிக்கையை ஒப்பிடுவது அதனினும் விரைவு.

26 இடங்கள் கொண்ட அரேயைப் பயன்படுத்துபவர்கள், உள்ளீட்டில் சிறிய ஆங்கில எழுத்துகள் மட்டுமே வரும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், இடைவெளி ஒன்று வந்தாலே அரேயின் எல்லை தாண்டிய எக்செப்ஷன் எழும்.

சொற்களைத் திருப்பும் கணக்கில் ஸ்ப்ளிட் மெத்தடை நம்பலாமா?

நம்பலாம், உரையைத் துண்டுகளாகப் பிரிக்கும் அந்த மெத்தடின் குணத்தை அறிந்திருந்தால். ஜாவாவில் ஒற்றை இடைவெளியால் பிரித்தால், தொடக்கத்தில் உள்ள இடைவெளியும் நடுவே இரட்டையாக வரும் இடைவெளியும் வெற்று ஸ்ட்ரிங்குகளாக அரேயில் சேரும். இறுதியில் உள்ளவை மட்டும் சத்தமின்றி நீக்கப்படும். ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளி என்ற ரெகுலர் எக்ஸ்ப்ரஷனால் பிரித்தாலும் தொடக்க இடைவெளிக்கு ஒரு வெற்று ஸ்ட்ரிங் மிஞ்சும். ஆகவே முதலில் ட்ரிம் செய்ய (இரு முனைகளிலும் உள்ள இடைவெளியை நீக்க) வேண்டும். வெற்று ஸ்ட்ரிங்கைப் பிரித்தால் காலியான அரே வராது. வெற்று ஸ்ட்ரிங் ஒன்றைக் கொண்ட அரே வரும். பைத்தானில் அடைப்புக்குள் எதுவும் தராமல் ஸ்ப்ளிட் செய்தால் இத்தொல்லைகள் இல்லை.

ஜாவாவின் ஸ்ப்ளிட் ரெகுலர் எக்ஸ்ப்ரஷனையே எதிர்பார்க்கிறது என்பதை மறந்து, ஐபி முகவரியையோ கோப்புப் பெயரையோ வெறும் புள்ளியால் பிரிப்பவர்களுக்குக் காலியான அரேதான் கிடைக்கும். புள்ளிக்கு அங்கே "எந்த எழுத்தும்" என்று பொருள்.

எழுத்துகளைச் சுருக்கி எழுதும் கணக்கை எப்படிப் பயில்வது?

"கககமமப" என்பதை "க3ம2ப1" என்று மாற்றும் கணக்கு இது. நடப்பு எழுத்தை முந்தைய எழுத்துடன் ஒப்பிட்டு, ஒன்றானால் எண்ணிக்கையைக் கூட்டி, வேறானால் முந்தைய தொகுதியை எழுதிவிட்டு எண்ணிக்கையை மீண்டும் ஒன்றாக்க வேண்டும். தவறு எப்போதும் ஒரே இடத்தில் நிகழ்கிறது: லூப் முடிந்தபின் கடைசித் தொகுதியை எழுத மறப்பது. தாளில் எழுதிய நிரலைக் கையால் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை உடனே பிடித்துவிடுகிறார்கள். ஒற்றை எழுத்துக்குப் பின் 1 எழுதுவதா என்று முதலில் கேளுங்கள். உள்ளீட்டிலேயே எண்கள் வந்தால் சுருக்கியதை மீண்டும் விரிக்க முடியாமல் போகும் என்பதையும் சுட்டிக்காட்டினால் நல்லது. இத்தகைய அவதானிப்பைத்தான் டெஸ்டரிடம் எதிர்பார்க்கிறார்கள்.

இரட்டைச் சமக்குறிக்கும் ஈக்வல்ஸ் மெத்தடுக்கும் உள்ள வேறுபாட்டை இன்னமும் கேட்கிறார்களா?

கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். ஜாவாவில் == குறி இரண்டு மாறிகளும் ஒரே ஆப்ஜெக்டைச் சுட்டுகின்றனவா என்று பார்க்கிறது; ஈக்வல்ஸ் உள்ளடக்கத்தை ஒப்பிடுகிறது. நிரலில் நேரடியாக எழுதிய ஸ்ட்ரிங்குகள் ஸ்ட்ரிங் பூலில் (ஒரே உள்ளடக்கத்துக்கு ஒரே ஆப்ஜெக்டை வைக்கும் இடத்தில்) பகிரப்படுவதால், சிறிய எடுத்துக்காட்டுகளில் == சரியாக வேலை செய்வதுபோல் ஏமாற்றும். உலாவியிலிருந்து எடுத்த உரையோ புதிய ஆப்ஜெக்ட். அங்கே திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரிய, ஒப்பீடு தோற்கும். ஸ்ட்ரிங் ஏன் மாற்ற முடியாததாக வடிவமைக்கப்பட்டது என்ற தொடர் கேள்விக்கு, பூலில் பாதுகாப்பாகப் பகிர்வது, பல த்ரெட்கள் (இணையாக இயங்கும் பணிகள்) ஒரே சமயத்தில் பயன்படுத்துவது, ஹாஷ் மதிப்பை ஒருமுறை கணித்துச் சேமித்து வைப்பது ஆகிய காரணங்கள் போதும். ஸ்ட்ரிங்பஃபர் சிங்க்ரனைஸ் செய்யப்பட்டது, அதாவது ஒரு சமயத்தில் ஒரு த்ரெட் மட்டுமே அதை மாற்ற முடியும். 2004-இல் ஜாவா 5 கொண்டுவந்த ஸ்ட்ரிங்பில்டர் அவ்வாறு செய்யப்படாதது, அதனால் விரைவானது.

ஸ்ட்ரீம் ஏபிஐ கொண்டு ஒரே வரியில் எழுதினால் மதிப்பு கூடுமா?

2014-இல் வெளிவந்த ஜாவா 8 முதல் ஸ்ட்ரீம்கள் (தரவை வரிசையாகச் செயலாக்கும் வசதி) கிடைப்பதால், அவற்றைக் கொண்டு எழுதச் சொல்லும் நேர்காணல்களும் உண்டு. ஆனால் முதலில் லூப் கொண்டு எழுதி, "இதை ஸ்ட்ரீமிலும் எழுதலாம்" என்று தொடர்வது பாதுகாப்பானது. ஒரே வரியை மனப்பாடமாக ஒப்பிப்பவர், அதில் ஒரு சிறு மாற்றம் கேட்டவுடன் நின்றுவிடுவதை நேர்காணல் செய்பவர்கள் நன்கறிவார்கள். இரண்டு பொறிகளை நினைவில் வையுங்கள். ஸ்ட்ரிங்கின் சார்ஸ் மெத்தட் எண்களின் ஸ்ட்ரீமைத் தருவதால், எழுத்தாக மாற்றாமல் அச்சிட்டால் எண்களே வரும். ஒன்றானவற்றைத் தொகுக்கும் குரூப்பிங்பை வரிசையைக் காக்க வேண்டுமென்றால் லிங்க்டு ஹாஷ்மேப்பை வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும்.

டைம் காம்ப்ளெக்சிட்டி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

நீங்கள் எழுதிய விடை உள்ளீட்டின் நீளத்துக்கு நேர் விகிதத்தில் வளர்கிறதா, நீளத்தின் வர்க்கமாக வளர்கிறதா, வரிசைப்படுத்துதல் இருப்பதால் இடைப்பட்டதா என்று சொல்லத் தெரிந்தால் பெரும்பாலான சோதனைப் பணிகளுக்குப் போதும். எழுத்துகளின் எல்லா வரிசை மாற்றங்களையும் அச்சிடும் கணக்கு ஒன்று மட்டும் விதிவிலக்கு: வெவ்வேறான 10 எழுத்துகளுக்கே 36,28,800 வரிசைகள் உண்டு என்பதால், அங்கே வேகத்தைப் பற்றிப் பேசுவதைவிட உள்ளீட்டின் எல்லையைப் பற்றிப் பேசுவதே பொருத்தம்.

இக்கணக்குகள் அன்றாட வேலையில் உண்மையிலேயே பயன்படுகின்றனவா?

ஸ்ட்ரிங்கைத் திருப்பும் தேவை வேலையில் ஏற்படுவது மிக அரிது. அதைப் பயிலும்போது வளரும் கவனம்தான் நாள்தோறும் தேவைப்படுகிறது.

ஒப்பீடு தோற்கும் இடங்களைப் பாருங்கள். இணையப் பக்கங்களில் பிரியா இடைவெளி எனப்படும் 160 என்ற எண்ணுடைய குறியீடு பரவலாக உண்டு. கண்ணுக்கு அது சாதாரண இடைவெளிதான். பக்கத்தின் மூலத்திலிருந்தோ ஏபிஐ பதிலிலிருந்தோ அது அப்படியே வந்தால், ஜாவாவின் ட்ரிம் அதை நீக்காது. 2018-இல் ஜாவா 11 அறிமுகப்படுத்திய ஸ்ட்ரிப்பும் நீக்காது. பைத்தானின் ஸ்ட்ரிப்பும் ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிம்மும் நீக்கிவிடும். எக்ஸ்பாத்தில் (பக்கத்தின் உறுப்புகளைத் தேடும் மொழியில்) உள்ள நார்மலைஸ் ஸ்பேஸ் சாதாரண இடைவெளி, டேப், வரி முறிவு ஆகியவற்றை மட்டுமே கவனிக்கும். செலினியத்தின் கெட்டெக்ஸ்ட் திரையில் தெரியும் உரையைத் தருவது என்பதால், சிஎஸ்எஸ் மூலம் பெரிய எழுத்தாக மாற்றிய பொத்தானின் பெயர் பெரிய எழுத்திலேயே வரும். மூலத்தில் சிறிய எழுத்தைப் பார்த்து எதிர்பார்ப்பை எழுதியவர் குழம்பிப்போவார்.

தொகையை ஒப்பிடும் இடம் இன்னும் வளமானது. "மொத்தம்: 1,234.50" என்ற உரையிலிருந்து எண்ணல்லாத எல்லாவற்றையும் நீக்கினால் 123450 கிடைக்கும், புள்ளியை விட்டுவைக்க வேண்டும், கழித்தல் குறியையும் மறக்கக் கூடாது. ஜெர்மன் வழக்கில் இதே எண் 1.234,50 என்று எழுதப்படும் என்பதால், பல நாட்டுப் பயனர்களுக்கான செயலியில் இந்த விதியே தலைகீழாகும். எடுத்த எண்ணை, தசமங்களைத் தோராயமாக வைக்கும் டபுள் வகையில் வைக்காமல், துல்லியமாக வைக்கும் பிக்டெசிமலில் வைப்பது முறை. அங்கும் ஈக்வல்ஸ் தசம இடங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்ப்பதால், 12.5-ம் 12.50-ம் சமமல்ல என்று சொல்லும். கம்பேர்டூ மெத்தடே இங்குச் சரி.

தமிழ் இடைமுகத்தைச் சோதிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்ற இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஈக்வல்ஸ் பொய் என்று சொல்லும். ஜாவாவின் நார்மலைசர் கிளாஸ் கொண்டு இருபுறமும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

பயிற்சியை எந்த முறையில் செய்வது?

எடிட்டரின் தானியங்கிப் பரிந்துரைகளை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். நேர்காணலில் வெறும் உரைப்பெட்டியே கிடைக்கக்கூடும். மெத்தட் பெயர்கள் அப்போது கைக்கு வர வேண்டும். கணக்கைப் படித்ததும், நிரலை எழுதுவதற்கு முன்பே உள்ளீடுகளையும் எதிர்பார்க்கும் விடைகளையும் அட்டவணையாக எழுதுங்கள். அந்த அட்டவணையை, ஜாவாவின் சோதனை ஃப்ரேம்வொர்க்குகளில், டெஸ்ட்என்ஜியின் டேட்டா புரொவைடராகவோ ஜேயூனிட்டின் பாராமீட்டர் கொண்ட டெஸ்டாகவோ மாற்றிவிட்டால், நிரல் பயிற்சியும் ஃப்ரேம்வொர்க் பயிற்சியும் ஒரே உழைப்பில் முடியும். பிறகு நிரலை எழுதி, ஓட்டுவதற்கு முன் ஒருமுறை கையால் தடம் பாருங்கள்.

இன்னொரு பயிற்சி உண்டு, செய்பவர்கள் குறைவு. சரியாக ஓடும் உங்கள் நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்துங்கள்: லூப்பின் எல்லையை ஒன்று குறையுங்கள், கடைசித் தொகுதியை எழுதும் வரியை நீக்குங்கள். உங்கள் டெஸ்ட்கள் அதைப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் குறை உங்கள் அட்டவணையில் இருக்கிறது. மியூட்டேஷன் டெஸ்டிங் என்று தனித் துறையாக வளர்ந்திருப்பது இந்த எண்ணமே. நேர்காணலில் அதைத் தொட்டுப் பேசவும் இது வழி தரும்.

ஏஐ கருவிகளிடம் விடை கேட்டுப் படிக்கலாமா?

விடையைக் கேட்பதைவிட, நீங்கள் எழுதிய விடையை உடைக்கும் உள்ளீடுகளைக் கேட்பது பயன் தரும். அவை தரும் உள்ளீடுகளையும் ஓட்டிப் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள். எதிர்பார்த்த விடை என்று அவை சொல்வது தவறாக இருக்கலாம்.

மூன்றாவது மாறி இல்லாமல் இரண்டு ஸ்ட்ரிங்குகளை இடம் மாற்றும் கேள்வியைப் படிக்க வேண்டுமா?

படித்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒட்டி, நீளங்களைக் கொண்டு வெட்டியெடுப்பதுதான் விடை. உண்மையான நிரலில் இதை எழுதினால் கோட் ரிவ்யூவில் திருப்பி அனுப்புவார்கள் என்பதையும் புன்னகையோடு சேர்த்துச் சொல்லலாம்.

நேர்காணலின் நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது?

மௌனமாக இருப்பதைத் தவிர்த்து, எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும் தெரிந்த வழியை முதலில் எழுதுங்கள். இரண்டு லூப்புகளால் ஒவ்வோர் எழுத்தையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் விடை வேகமற்றதுதான், ஆனால் சரியான விடை. அதன் குறையை நீங்களே சொல்லி, எங்கே மேப் ஒன்றைப் புகுத்தலாம் என்று தொடர முடியும். மெத்தடின் பெயர் மறந்துவிட்டால், "இந்த இடத்தில் எழுத்து எண்ணா என்று சோதிக்கும் மெத்தட் வரும்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். ஓரமாக எழுதி வைத்த உள்ளீடுகளில் மிகச் சிறியதை எடுத்து, மாறிகளின் மதிப்புகளைப் படிப்படியாக எழுதத் தொடங்கினால், சிக்கிய இடம் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது சுற்றிலேயே வெளிப்பட்டுவிடும்.